இரண்டாவது ராடு

கனெக்டிங் ராடு உடையக் கூடாது என்பதற்காகத்தான் அந்தக் கலப்பு உலோகத்தைக் கண்டுபிடித்தார்கள். அது மறக்கவும் செய்யாது என்பது பிற்பாடுதான் தெரியவந்தது.

டீசல் எஞ்சினில் மேலும் கீழும் போய்வருகிற பிஸ்டனைச் சுழலும் கிராங்க்கோடு இணைப்பது இந்த ராடு. எஞ்சினுக்குள் ஒவ்வொரு முறை டீசல் வெடிக்கும்போதும் இதன் தலையில் ஓர் அடி விழும். பழைய இரும்பில் அந்த அடிகள் வந்த சுவடு தெரியாமல் போய்விடும். புது உலோகத்திலோ, ஈர மணலில் நண்டு நடந்த மாதிரி வரி வரியாகப் பதிந்தன. அதைப் படிக்க ஒரு கருவியும் வந்துவிட்டது. கடைசி சில நாட்களில் எஞ்சின் எப்போது விரைந்தது, எப்போது திணறியது, எப்போது நின்றது என்று ஒரே கோடாக வரைந்து காட்டிவிடும்.

கரையில் ஓடுவதெல்லாம் பேட்டரி வண்டிகளாகிவிட்ட காலம். ஆழ்கடலுக்குப் போகிற விசைப்படகுகளுக்கு மட்டும் இன்னும் டீசல்தான். வலை இழுக்க, மீன் பிரிக்க எல்லாவற்றுக்கும் இயந்திரம் வந்துவிட்டதால் ஒரு படகுக்கு இரண்டு ஆள் போதும். இரண்டு பேர் போய் ஒருவர் திரும்பி வந்தால், நடுக்கடலில் என்ன நடந்தது என்பதற்கு வந்தவர் வாயைத் தவிர வேறு சாட்சி கிடையாது. இடம் காட்டும் கருவி இருந்ததுதான். மீன் கிடைக்கிற இடத்தை அடுத்தவனுக்குக் காட்டிக்கொடுக்க யாருக்கு மனசு வரும்? எல்லோரும் அதை அணைத்தே வைத்திருந்தார்கள். ராடை அணைக்க முடியாது.

ஆகவே சட்டம் வந்தது. கடலில் ஆள் தவறி, உடல் கிடைக்காவிட்டால், எஞ்சினைப் பிரித்து ராடை வாசிக்க வேண்டும். வாசித்தால் இறப்புச் சான்றிதழ் உடனே கிடைக்கும். இல்லாவிட்டால் பழையபடி ஏழு வருடம் காத்திருக்க வேண்டும். ஊர் தன் பங்குக்கு ஒரு வழக்கத்தைச் சேர்த்துக்கொண்டது. வாசித்து முடித்த ராடை வீட்டார் வாங்கிப்போய், எண்ணெய் போகத் துடைத்து, வெள்ளைத் துணியில் சுற்றி, பெட்டிக்குள் வைத்து அடக்கம் செய்தார்கள். தூக்குகிறவர்களின் தோளுக்குக் கொஞ்சமாவது கனம் தெரிய வேண்டாமா? கோயில் பங்குச் சாமியார்கள் முதலில் முணுமுணுத்தார்கள். பிறகு அதற்கும் ஒரு செபம் எழுதிவிட்டார்கள்.

தூத்துக்குடிக்கு வடக்கே ஒரு மீன்பிடித் துறைமுகத்தில் இருந்த வாசிப்புக் கூடத்துக்கு தில்லைநாயகி பொறுப்பு. சிதம்பரத்துக்காரி. லாரி எஞ்சின் பட்டறையில் கை கறுக்க வேலை பழகி, பிறகு படித்து, இங்கே வந்தவள். துறைமுகத்தில் அவளைப் பற்றி நல்லதாகவும் கெட்டதாகவும் ஒரே வாக்கியத்தைத்தான் சொல்வார்கள்: "ராடு சொல்றதை அந்தம்மா சொல்லும்." அவளுக்கும் அது பிடித்திருந்தது. சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும் என்பாள். அகப்பைக்குச் சொந்தக் கருத்து எதற்கு என்பது அவள் கட்சி.

அன்று பிரிக்க வேண்டியிருந்தது தொபியாஸ் காணாமல் போன படகின் எஞ்சின். படகை ஓட்டியவன் கஸ்பார். தொபியாஸின் மச்சினன், அதாவது தொபியாஸின் மனைவி ஜெனோவாவுக்குக் கூடப்பிறந்த தம்பி. அவன் கொடுத்த வாக்குமூலம் சின்னது. அத்தான் விழுந்தது தனக்குத் தெரியாது, தெரிந்தபோது வெகுதூரம் வந்தாகிவிட்டது, காற்று அடித்தது, பயமாக இருந்தது, தேடாமல் கரைக்கு வந்துவிட்டேன். இதை ராடும் உறுதி செய்தால் அவன்மேல் வழக்கு நிற்கும். படகோட்டும் உரிமம் போகும். ஊர் அதற்கு முன்பே தீர்ப்புச் சொல்லிவிட்டது. டீக்கடையில் அவனுக்கு யாரும் முகம் கொடுப்பதில்லை.

பிரிக்கும்போது இரண்டு தரப்பும் பக்கத்தில் நிற்க வேண்டும் என்பது விதி. கஸ்பார் சுவரோரமாக நின்றான். ஜெனோவா வாசலை மறித்துக்கொண்டு நின்றாள். நின்றாள் என்பதைவிடப் பொழிந்தாள் என்பது சரி.

"பாத்தீயளா, கல்லு மாதிரி நிக்கான். எம்புருசனைத் தண்ணியில போட்டுட்டு வந்து நிக்கான். ஏ சண்டாளா, ஒரு வட்டம் போட்டுப் பாத்திருக்கப்பிடாதா? ஒரே ஒரு வட்டம்!"

கஸ்பார் தலையை நிமிர்த்தவில்லை.

எஞ்சின் பிரிக்கிற பிட்டர் முகைதீன் இதையெல்லாம் காதில் வாங்காமல் வேலையைப் பார்த்தார். காயல்பட்டினத்துக்காரர், தில்லைநாயகியோடு அன்றாடம் வாயாடாமல் அவருக்குக் கை ஓடாது. எஞ்சினின் மேல்மூடியான ஹெட்டை ஏற்கெனவே கழற்றி வைத்திருந்தார். பிஸ்டன் ஓடும் குழலான லைனரின் மேல்விளிம்பில் வட்டமாகப் படிந்திருந்த கரியை முதலில் சுரண்டி எடுத்தார். அதை விட்டுவிட்டுப் பிஸ்டனை மேலே தள்ளினால் அதைச் சுற்றியிருக்கும் ரிங் உடைந்துபோகும். பிறகு அடியில் எண்ணெய்த் தொட்டியான சம்பைக் கழற்றி, கிராங்க்கைத் திருப்பி, ஒன்றாம் பிஸ்டனைக் கீழே கொண்டுவந்தார். ராடிலும் அதன் அடிவளையத்தை மூடும் கேப்பிலும் 'ஒன்று' என்று அச்சுக் குத்தினார். ஒரு ராடின் கேப்பை இன்னொன்றுக்குப் போடவே கூடாது. போட்டால் கிராங்க்கைத் தின்றுவிடும்.

"சம்பந்தம் பேசி வெச்ச மாதிரி மேடம். ஒண்ணாம் மாப்பிளைக்கு ஒண்ணாம் பொண்ணு" என்றபடி போல்ட்டுகளைத் தளர்த்தி, சுத்தியலின் மரக்கைப்பிடியால் கீழிருந்து தள்ளினார். பிஸ்டன் ராடோடு மேலே வந்தது. அப்படியே ஆறு பிஸ்டனையும் ராடோடு எடுத்து வரிசையாகப் பலகையில் கிடத்தினார்கள்.

தில்லைநாயகி ஒவ்வொன்றாகப் பார்த்தாள். ரிங்குகள் நன்றாக இருந்தன. பிஸ்டன் பக்கங்களில் கீறல் இல்லை. ராடின் அடிவளையத்துக்குள் இருக்கும் பேரிங்கை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தாள். அதன் மேலிருந்த மெத்தென்ற பூச்சில் ஒரு பக்கம் மட்டும் அழுந்திய தடம். ஓடிக்கொண்டிருந்த எஞ்சினை ஏதோ ஒன்று சட்டென்று பிடித்து நிறுத்தியிருந்தால்தான் இப்படி விழும். அவள் நிமிர்ந்தபோது கஸ்பார் அந்தப் பேரிங்கையே பார்த்துக்கொண்டிருந்தான். சட்டென்று கண்ணை எடுத்துக்கொண்டான். உள்ளங்கை இரண்டிலும் குறுக்கும் நெடுக்குமாகக் கீறல்கள் காய்ந்து கறுத்திருந்தன. எஞ்சினோடு மாரடிக்கிறவன் கை வேறு எப்படி இருக்கும் என்று நினைத்துக்கொண்டாள்.

"மேடம், வாசிக்க என்ன இருக்கு? நான்தான் எல்லாம் சொல்லிட்டனே" என்றான் அவன்.

"நீங்க சொன்னதை நீங்க சொன்னீங்க. அது சொல்றதை அது சொல்லட்டும்."

ராடை வாசிக்கும் முன் பிஸ்டனிலிருந்து அதைப் பிரிக்க வேண்டும். இரண்டையும் கோத்திருக்கும் உருளை ஆணியான பின், உப்புக்காற்றில் இறுகிப்போய்க் கிடக்கும். பட்டறையில் என்றால் கேஸ் டார்ச்சை எடுத்து ஒரு தீயைக் காட்டுவார்கள், பின் வழுக்கிக்கொண்டு வந்துவிடும். இங்கே அது கூடாது. எஞ்சினுக்குள் இருக்கும் சூட்டை அந்த உலோகம் தாங்கும். டார்ச்சின் நீலத்தீ பட்டால் பதிந்ததெல்லாம் ஒரே மூச்சில் அழிந்துபோகும். 'ராடில் தீ காட்டாதே' என்று சுவரில் ஆள் உயரத்துக்கு எழுதியிருந்தது. கூடம் திறந்த புதிதில் முகைதீன் பழக்கதோஷத்தில் ஒருமுறை தீயைக் காட்டிவிட்டார். எழுதியது அதற்குப் பிறகுதான். அன்றைக்கு மற்ற ராடுகள் மிச்சமிருந்ததால் பிழைத்தார்.

இப்போது அவர் பிரஸ்ஸில் வைத்துப் பொறுமையாக அழுத்தி, ஒன்றாம் ராடின் பின்னை வெளியே எடுத்தார். தில்லைநாயகி ராடைக் கருவிக்குள் வைத்தாள். திரையில் கோடு ஊர்ந்து வந்தது. வாசலில் வேடிக்கை பார்த்த கூட்டம் சாப்பாட்டுக்குக் கலைந்திருந்தது; ஜெனோவாவும் கஸ்பாரும் வெளியே போயிருந்தார்கள்.

"என்ன மேடம், ஓடியே வந்திருக்கானா?"

"இல்ல பாய். இங்க பாருங்க. இது வரைக்கும் வலை இழுக்கிற சுமை. இங்க சட்டுனு குறையுது. அப்புறம் மெதுவா, கொஞ்சம் கூட்டி, மறுபடி மெதுவா. மணிக்கணக்கா இதேதான். வட்டம் போட்டிருக்கான்."

"தேடியிருக்கான்."

"தேடியிருக்கான். எத்தனை வட்டம்னு எண்ணக்கூட முடியல."

முகைதீன் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். "இது என்ன நடுக்கம்?"

"ரிவர்ஸ் கியர். பின்னால போகும்போது புரொப்பல்லர் தண்ணியை ஒழுங்காப் பிடிக்காது, சுமை இப்படித்தான் நடுங்கும். அதுக்கு அடுத்தது பாருங்க, ஒரே அறை. எஞ்சின் நின்னுபோச்சு."

"டீசல் தீந்திருக்குமோ?"

"தீர்ந்தா இருமி இருமில்ல நிக்கும்? இது ஏதோ பிடிச்சு நிறுத்தியிருக்கு."

"அப்போ கயிறுதான் மேடம். புரொப்பல்லர்ல கயிறு சுத்தியிருக்கு" என்றார் முகைதீன். பிறகு குரல் இறங்கிவிட்டது. "அதுக்கு அப்புறம்?"

"எஞ்சின் நின்னா ராடுக்கு நேரம் தெரியாது. ஆனா மறுபடி ஸ்டார்ட் பண்ணும்போது சுத்தமா ஆறிப்போயிருக்கு. ரொம்ப நேரம் அங்கேயே கிடந்திருக்கான்."

பொய்கள் அவளுக்குப் புதிதல்ல. தேடாதவர்கள் தேடினோம் என்பார்கள். குடித்தவர்கள் காற்று என்பார்கள். எல்லாப் பொய்யும் சொல்கிறவனை ஒரு படி மேலே ஏற்றத்தான் பிறக்கிறது. தன்னைத் தானே குழியில் தள்ளிக்கொள்கிற பொய்யை அவள் இதுவரை படித்ததில்லை.

கஸ்பாரைத் தனியாக உள்ளே கூப்பிட்டாள். அது விதிக்குப் புறம்பு. இருந்தாலும் கூப்பிட்டாள்.

"ராடு வேற சொல்லுது கஸ்பார்."

கதவு மூடியிருக்கிறதா என்று அவன் திரும்பிப் பார்த்தான். பிறகு, "எது வரைக்கும் சொல்லுது?" என்றான்.

"கயிறு சுத்தினது வரைக்கும்."

அவன் தரையில் உட்கார்ந்துவிட்டான். "உசுரோடத்தான் இருந்தாரு மேடம். வலைக்கயித்தப் பிடிச்சுக்கிட்டு மெதந்தாரு. கண்டுபிடிச்சுட்டேன். என்னப் பாத்துக் கைய ஆட்டுனாரு. அல பக்கத்துல விட மாட்டேங்குது. ரிவர்ஸ் போட்டா கிட்டப் போயிரலாம்னு நெனச்சேன். கயித்தோட மத்த முனை புரொப்பல்லர் பக்கம் கெடந்தது எனக்குத் தெரியல. சுத்தி, அவரையும் சேத்து இழுத்துருச்சு." உள்ளங்கைகளை ஒன்றன்மேல் ஒன்றாக மூடிக்கொண்டான். "கத்தியோட எறங்குனேன். அக்காகிட்டக் கொண்டாந்து காட்டுத மாதிரி இல்ல மேடம். அறுத்து விட்டுட்டேன். செபம் சொல்லித்தான் விட்டேன்."

தில்லைநாயகிக்கு என்ன சொல்வதென்று தெரியாதபோது அவள் விதியைச் சொல்வாள். "ஒரு ராடு சாட்சி ஆகாது. நாளைக்கு ரெண்டாவது. ரெண்டும் ஒத்துப்போனா மீன் ஏலக்கூடத்துல எல்லார் முன்னாலயும் படிப்பாங்க. நான் மாத்தி எழுத முடியாது."

"தேடாம வந்த கோழைன்னு திட்டுதா. திட்டிட்டுப் போட்டும். எனக்கும் பழகிரும், அவளுக்கும் பழகிரும். தம்பி தேடிப்போய்த்தான் அத்தான் செத்தாருன்னு தெரிஞ்சா, அவ யாரைத் திட்டுவா மேடம்?"

தில்லைநாயகி திரையை அணைத்தாள்.

மறுநாள் காலை கூடத்தைத் திறக்க வந்தபோது ஜெனோவா படியில் உட்கார்ந்திருந்தாள். நேற்றைய பெண்தானா என்று சந்தேகமாக இருந்தது. குரலே இல்லை.

"ஒண்ணாம் ராடு வாசிச்சாச்சா மேடம்?"

"சொல்லக் கூடாதும்மா."

"நீங்க சொல்லாண்டாம். நான் சொல்லுதேன், கேளுங்க. தேடியிருக்கான். புரொப்பல்லர்ல கயிறு சுத்தி எஞ்சின் நின்னிருக்கு. எறங்கி அறுத்திருக்கான். சரியா?"

தில்லைநாயகி சாவியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள்.

"படகைக் கரையேத்துன அன்னைக்கே பாத்தேன். புரொப்பல்லர் சாப்ட்ல ஒரு துண்டுக் கயிறு. அதுல மஞ்ச நூலு வெச்சுப் பின்னுனது நான்தான். கத்தி வெட்டுன வெட்டு. யாருக்கும் தெரியாம உருவிட்டு வந்துட்டேன். அவன் கையப் பாத்தீயளா? ஓடி வந்தவன் கையில கொட்டலசுச் சிப்பி கிழிச்ச கீறல் எப்படி வரும்? படகுக்கு அடியில முங்குனாத்தான் அது அப்படிக் கிழிக்கும்."

தில்லைநாயகி பார்த்திருந்தாள். பார்த்துவிட்டுத் தவறாகப் படித்திருந்தாள். முகம் சூடாவது அவளுக்கே தெரிந்தது.

"தெரிஞ்சுமா ஊரைக் கூட்டித் திட்டுறீங்க?"

"அவனுக்கு அதுதான் வேணும். நான் திட்டுத வரைக்கும் எனக்குத் தெரியாதுன்னு இருப்பான். ராடு வாசிச்சு, எல்லார் முன்னாலயும் படிச்சு, நான் வாய மூடிட்டேன்னு வைங்க, அன்னைக்கே கடல்ல எறங்கிருவான். எனக்கு அவனத் தெரியும். ஒருத்தரக் குடுத்தது போதும் மேடம்." ஜெனோவா முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்தாள். அழுகையை அங்கேயே நிறுத்திவிட்டாள். "வாசிக்காமப் போறதுக்கு வழி இருக்கா?"

"மிச்ச அஞ்சு ராடும் கெட்டுப்போனாத்தான் உண்டு. அப்போ ஒண்ணாம் ராடுக்குத் துணை இல்லாமக் கருவியே அந்த வாசிப்பை அழிச்சிடும். கஸ்பார்மேல வழக்கும் நிக்காது. ஆனா உங்களுக்குச் சான்றிதழ் கிடைக்காது. ஏழு வருஷம். அதுவரைக்கும் அடக்கம் பண்ண விடமாட்டாங்க. கல்லறைத் திருநாளுக்கு ஒரு மெழுகுவத்தி ஏத்தக்கூட இடம் இருக்காதும்மா."

ஜெனோவா யோசித்தாள். கடலைப் பார்க்காமல் கூடத்தின் சுவரைப் பார்த்து யோசித்தாள்.

"ஆகட்டும். அதுக்குள்ள என்னைக்காவது அவனே வாயத் தொறந்து சொல்லுவான். இரும்பு சொல்லி நான் தெரிஞ்சுக்கிட்டதா இருக்க வேண்டாம். அவன் சொல்லட்டும்."

அவள் போன பிறகு தில்லைநாயகி உள்ளே போனாள். முகைதீன் இரண்டாம் ராடைப் பிரஸ்ஸில் ஏற்றி மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். பின்னோ அசையவில்லை.

"பழைய காலமா இருந்தா ஒரு தீயக் காட்டி..." என்று ஆரம்பித்தவர், அவள் முகத்தைப் பார்த்து நிறுத்தினார். வாசலில் நடந்த பேச்சு அவர் காதிலும் விழுந்திருக்க வேண்டும்.

"பாய், நீங்க போய் டீ குடிச்சிட்டு வாங்க."

அவர் டார்ச்சைப் பார்த்தார், சுவரில் இருந்த எழுத்தைப் பார்த்தார். "மேடம், இங்க தீ பட்டுச்சுன்னா என்னையத்தான் கை காட்டுவாங்க."

"நான்தான் காட்டினேன்னு எழுதிக் கையெழுத்துப் போடுவேன். நானும் லாரிப் பட்டறையில வளர்ந்தவதான். எனக்கு மட்டும் பழக்கதோஷம் வரக் கூடாதா?"

முகைதீன் கையைத் துடைத்துக்கொண்டு வாசல் வரை போய்த் திரும்பினார். "டீக்கடையில இன்னைக்கு நல்ல கூட்டம். வர நேரமாகும்."

டார்ச்சைப் பற்றவைத்தாள். இரண்டாம் ராடில் தொடங்கி ஆறாவது வரைக்கும் நீலத்தீயைக் காட்டினாள். பின்கள் ஒவ்வொன்றாகச் சொன்னபடி கேட்டு வழுக்கிக்கொண்டு வந்தன. நல்ல பிட்டர் செய்த மாதிரியே வேலை சுத்தமாக இருந்தது. ஆறிய பிறகு இரண்டாவதைக் கருவியில் வைத்தாள். பிறந்த குழந்தையின் நெற்றி மாதிரி சுருக்கமே இல்லாத ஒரு நேர்க்கோடு. மற்ற நான்கும் அப்படியே. கருவி கொஞ்ச நேரம் காத்திருந்துவிட்டு, விதிப்படி முதல் வாசிப்பையும் அழித்தது.

பின்னை எடுக்கத் தீ பயன்படுத்தப்பட்டது, தவறு என்னுடையது என்று இரண்டே வரியில் அறிக்கை எழுதினாள். இனி எந்த ராடையும் தன்னிடம் தர மாட்டார்கள் என்று தெரியும். எங்காவது பம்பு செட்டு எஞ்சின் பார்க்க அனுப்புவார்கள். வருத்தம் இல்லாமல் இல்லை. 'ராடு சொல்றதை அந்தம்மா சொல்லும்' என்ற பெயரைச் சம்பாதிக்க அவள் பட்ட பாடு கொஞ்சமல்ல. அது ஒரு காலைப்பொழுதில் போய்விட்டது. கஸ்பார் பணம் கொடுத்து அவளைக் கவனித்துவிட்டான் என்று மாலைக்குள் பேச்சுக் கிளம்பியது. ஊர் வாயை மூட உலைமூடி ஏது?

ஏலக்கூடத்தில் வாசிப்பு இயலவில்லை என்று அறிவித்தார்கள். கூட்டம் ஏமாற்றத்தோடு சலசலத்தது. தூணோரம் நின்றிருந்த கஸ்பார் தில்லைநாயகியை ஒருமுறை பார்த்தான். தனக்காகத்தான் செய்தாள் என்று நினைத்திருப்பான். நினைக்கட்டும் என்று அவளும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

ஜெனோவா கூட்டத்தை விலக்கிக்கொண்டு தம்பியின் முன்னால் போய் நின்றாள். குரல் பழையபடி திரும்பி வந்திருந்தது. கூடத்தின் தகரக்கூரை அதிர்ந்தது.

"ஏ சண்டாளா! இரும்புகூட உன்னப் பத்திப் பேச மாட்டேன்னுட்டு! தப்பிச்சுட்டேன்னு நெனைக்காத. ஏழு வருசம் இருக்கு. தெனம் விடிஞ்சதும் உன் வீட்டு வாசல்ல வந்து நிப்பேன். நீ வெளிய வரணும். நிமிந்து நின்னு நான் திட்டுததக் கேக்கணும். ஒரு நாளு வராம இருந்துரு, பாப்போம்!"

கூட்டத்தில் யாரோ "பாவம்" என்றார்கள். யாரைச் சொன்னார்கள் என்று தெரியவில்லை.

கஸ்பார் கண்ணைத் துடைத்துக்கொண்டான். அவன் முகம் இத்தனை நாளில் முதல்முறையாகத் தெளிந்திருந்தது.

"வா அக்கா" என்றான். "வெளியதான் நிப்பேன்."